டைம் ஆபீஸ் ஒளிந்துகொண்ட கதை

கோவை வட்டாரத்து மில் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு டைம் ஆபீஸ் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஆலை வாசலை ஒட்டிய ஓர் அறை. உள்ளே ஒரு கிளார்க், சுவரில் கடிகாரம், வரிசையாகக் கார்டுகள் செருகிய சட்டம். சங்கு ஊதி அடங்குவதற்குள் கார்டு விழாவிட்டால் சம்பளத்தில் கை வைத்துவிடுவார்கள். பைக்காரா மின்சாரம் வந்து 1930களில் கோவையில் மில்கள் பெருகின. 1934இல் மதுக்கரையில் சிமென்ட் ஆலை ஓடத் தொடங்கியது. அதுவரை பொழுதைப் பார்த்துக் காட்டுக்குப் போய்வந்த கொங்கு நாட்டுக் குடும்பங்கள் பெருவாரியாகக் கடிகார முள்ளுக்குக் கட்டுப்பட்டது அப்போதுதான்.

அந்தத் தொழிலாளர்களின் பேரன் பேத்திகள் இன்று விளாங்குறிச்சி டைடல் பார்க்குக்கும் கீரணத்தம் ஐ.டி. வளாகங்களுக்கும் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். சிலர் வீட்டு மாடியறையில் உட்கார்ந்தபடியே அமெரிக்காவுக்கு வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கும் டைம் ஆபீஸ் உண்டு. அது லேப்டாப்புக்குள் இருக்கிறது. எத்தனை முறை விசை தட்டினார்கள், எத்தனை நிமிடம் மவுஸ் அசையவில்லை, திரையில் எந்தப் பக்கம் திறந்திருந்தது என்று எழுதிக்கொண்டே இருக்கிறது. பல இடங்களில் அது இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. இதே வகை மென்பொருளைப் பிள்ளையின் கணினியிலும் யாருக்கும் சொல்லாமல் போட்டு வைக்கும் பெற்றோர் உண்டு.

எல்லார் கண்ணிலும் பட்ட கடிகாரம் எப்படிக் கணினிக்குள் புகுந்தது? புகுந்ததும் ஏன் ஒளிந்துகொண்டது? இந்தக் கதைக்கு இரண்டு ஊற்றுகள். ஒன்று நியூயார்க் மாநிலத்து நகைக்கடைக்காரர் ஒருவரின் பட்டறை. இன்னொன்று மாஸ்கோவில் ஒரு தூதரகம்.

நகைக்கடைக்காரரின் கடிகாரம்

வில்லார்ட் பண்டி நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் நகரில் நகை, கடிகார வியாபாரம் செய்தவர். 1888இல் தொழிலாளர் வருகையைப் பதியும் ஒரு கடிகாரத்தைச் செய்தார். ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் போட்ட ஒரு சாவி. வரும்போதும் போகும்போதும் அதைக் கடிகாரத்தில் நுழைத்துத் திருப்பினால், எண்ணும் நேரமும் உள்ளிருக்கும் காகித நாடாவில் அச்சாகும். அடுத்த ஆண்டே தம்பி ஹார்லோவுடன் சேர்ந்து பிங்ஹாம்டன் நகரில் கம்பெனி தொடங்கினார். 1894இல் ராச்செஸ்டர் நகரத்து டேனியல் கூப்பர் சாவிக்குப் பதிலாகக் கார்டு வைத்தார். நம் ஊர் மில்களுக்கு வந்து சேர்ந்தது இந்தக் கார்டு வழிதான்.

பண்டியின் கம்பெனி வேறு சில கடிகாரக் கம்பெனிகளோடு இணைந்தது. 1911இல் அந்தக் கூட்டு, தராசு செய்பவர்களோடும் துளை அட்டையில் கணக்கெடுக்கும் இயந்திரம் செய்பவர்களோடும் சேர்ந்து ஒரே நிறுவனமானது. 1924இல் அதற்கு ஐ.பி.எம். என்று பெயர் மாறியது. உலகத்துக்குக் கணினியைப் பழக்கிய கம்பெனியின் மூதாதையரில் ஒருவர் ஆலை வாசலில் ஆள் எண்ணிய கடிகாரம்.

அந்தக் கடிகாரத்தைத் தொழிலாளி விரும்பினான் என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் அவனுக்கும் ஒரு பங்கு இருந்தது. கார்டு அவன் கையில் வந்தது, அடித்த நேரத்தை அவனே படித்தான். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் நாளொன்றுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எல்லை போட்டது. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம். முதலாளி ஓவர்டைம் தரவில்லை என்றால் சங்கத்துக்காரர் எடுத்துக் காட்டியது அதே கார்டைத்தான். தாமதமாக வந்தவனைப் பிடித்துக் கொடுத்த கார்டு, ஷிஃப்ட் முடிந்தும் நிறுத்தி வைத்த முதலாளியையும் பிடித்துக் கொடுத்தது. பதிவு ஒன்று, சாட்சி இரண்டு பக்கத்துக்கும்.

கண்காணிப்புப் பற்றிப் பேசும் எவரும் பெந்தமின் வட்டச் சிறையைச் சொல்லாமல் விடுவதில்லை. அதன் பிறப்பும் ஒரு பட்டறையில்தான். ஜெரமி பெந்தமின் தம்பி சாமுவேல், ரஷ்ய இளவரசர் பொதெம்கினின் கிரிச்சேவ் பண்ணையில் வேலைக்காரர்களை மேற்பார்க்க நடுவில் ஆள் உட்காரும் வட்டக் கட்டடம் ஒன்றை யோசித்தார். 1786இல் அங்கே போன அண்ணன் அதைக் கண்டு கடிதங்களாக எழுதி, 1791இல் நூலாக்கினார். சிறை, ஆலை, மருத்துவமனை, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்று நூலின் தலைப்பிலேயே அடுக்கினார். இந்த நிமிடம் நம்மைப் பார்க்கிறார்களா என்பது உள்ளிருப்பவனுக்குத் தெரியாது, அதுதான் அதன் சூட்சுமம். ஆனாலும் நடுவில் ஒரு கோபுரம் நிற்பது அவனுக்குத் தெரியும். பெந்தம்கூடக் கோபுரத்தை மறைக்கச் சொல்லவில்லை. கோபுரத்தையே மறைக்கும் வித்தை வேறொரு தொழிலில் இருந்து வந்தது.

தட்டச்சுப் பொறிக்குள் ஒரு காது

1984ஆம் ஆண்டு. மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தில் ரகசியம் கசிகிறது என்ற சந்தேகம். தேசியப் பாதுகாப்பு முகமை ஒரு முடிவுக்கு வந்தது. தூதரகத்தில் இருந்த தட்டச்சுப் பொறி, தொலை அச்சுப் பொறி, மறைக்குறியீட்டுக் கருவி எல்லாவற்றையும் சத்தமில்லாமல் புதியதாக மாற்றி, பழையவற்றைத் தாயகத்துக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்ப்பது. மொத்தம் 11 டன் சாமான். இந்த வேலைக்கு அவர்கள் வைத்த பெயர் கன்மேன்.

எக்ஸ்ரே எடுத்துத் தேடியபோது ஒரு மின் தட்டச்சுப் பொறியின் உலோகச் சட்டம் மற்றவற்றைப் போல் இல்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே மின்சுற்று. தேடத் தேட 16 பொறிகளில் அது இருந்தது. 1976 முதலே சோவியத் ஆட்கள் வைத்தவை. அந்த வகைப் பொறியில் எழுத்துகள் ஒரு உருண்டையில் பொறித்திருக்கும். எந்த விசையைத் தட்டுகிறோமோ அதற்கேற்ப உருண்டை சுழன்று சாயும். அதைச் சுழற்றும் சிறு தண்டுகளின் அசைவைக் காந்தத்தால் உணர்ந்து, எந்த எழுத்து என்று கணித்து, சேர்த்து வைத்து, வானொலி அலையில் வெளியே அனுப்பியது அந்தச் சுற்று. கடிதத்தை அடித்து முடித்த பிறகு எத்தனை மறைக்குறியீடு போட்டாலும் பயனில்லை. விரல் நுனியிலேயே களவு முடிந்துவிட்டது. கீ-லாகர் என்று இன்று சொல்கிறோமே, அந்த வகையில் நாம் அறிந்த மூத்தவற்றுள் ஒன்று இது.

அந்தப் பொறிகளைச் செய்த கம்பெனி எது? ஐ.பி.எம். அவர்களுடைய செலெக்ட்ரிக் என்ற மாடல். ஆலை வாசலில் வருகைக் கடிகாரத்தை நிறுத்திய பரம்பரை, தன் பொறிக்குள்ளேயே வேறொருவன் உளவு வைத்ததைப் பார்க்க நேர்ந்தது.

மென்பொருள் வடிவம் அதற்குள் வேறு பக்கத்தில் பிறந்திருந்தது. பெரி கிவோலோவிட்ஸ் என்ற நிரலாளர் 1983 நவம்பர் 17 அன்று, யூனிக்ஸ் கணினியின் நினைவகத்துக்குள் எட்டிப் பார்த்து இன்னொருவர் தட்டும் எழுத்துகளைப் படிக்கும் சிறு நிரலை யூஸ்நெட் வழியாக மற்ற நிரலாளர்களுக்கு அனுப்பினார். பல பேர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்ட காலம் அது. அந்த நினைவகப் பகுதியை எல்லாரும் திறந்து படிக்க முடியாதபடி அடைப்பதற்கு இந்த நிரலும் ஒரு காரணமானது என்பார்கள். பூட்டைத் திறந்து காட்டியவர் பூட்டை மாற்ற வைத்தார். ஆனால் வித்தை ஊருக்குத் தெரிந்துவிட்டது.

எண்ணத் தொடங்கிய கணினி

1980களில் அலுவலகக் கணினிகள் வேலையை எண்ணத் தொடங்கின. டேட்டா என்ட்ரி செய்பவர் மணிக்கு எத்தனை விசை தட்டுகிறார், தொலைபேசி ஆபரேட்டர் ஒவ்வொரு அழைப்பிலும் எத்தனை வினாடி பேசுகிறார் என்று இயந்திரமே கணக்குக் கொடுத்தது. 1987இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் இதைப் பற்றி ஒரு தனி அறிக்கையே வெளியிட்டது. அந்த அறிக்கை இயந்திரத்துக்கு இட்ட பெயர் ‘மின்னணு மேற்பார்வையாளர்’. மேஸ்திரிக்கு அசதி உண்டு, மறதி உண்டு, இரக்கமும் உண்டு. இவருக்கு எதுவும் இல்லை.

எண்ணுவது மட்டுமே களவாகிவிடாது. கோவையிலும் சென்னையிலும் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை கொழித்த காலத்தில் அமெரிக்க டாக்டர் பேசியதைக் கேட்டு அடித்தவர்களுக்கு வரிக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு வரி என்பது 65 எழுத்து என்பது அந்தத் தொழிலின் வழக்கமான அளவு. அடித்தவரும் எண்ணிப் பார்க்கலாம், கொடுப்பவரும் எண்ணிப் பார்க்கலாம். கணக்கு இடித்தால் சண்டை போடலாம். இது இன்னும் பண்டியின் கடிகாரம்தான், முள் மட்டும் மாறியிருக்கிறது.

பிள்ளைகள் பக்கமும் தொடக்கம் வெளிப்படையாகவே இருந்தது. 1990களின் நடுவில் வீட்டுக்கு வீடு இணையம் நுழைந்த அமெரிக்காவில் நெட் நானி, சைபர்சிட்டர், சர்ஃப்வாட்ச் போன்ற தடுப்பு மென்பொருள்கள் வந்தன. கூடாத பக்கத்தைத் திறந்தால் திறக்காது. பிள்ளைக்குத் தெரியும், அப்பா பூட்டுப் போட்டிருக்கிறார் என்று. கோபப்படலாம், கெஞ்சலாம், பூட்டை உடைக்கவும் பார்க்கலாம். எதுவானாலும் வீட்டுக்குள் நடக்கும் சண்டை.

ஒரே சரக்கு, மூன்று கிராக்கி

இரண்டு ஊற்றும் கலந்த இடம் 1990களின் கடைசி. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஸ்பெக்டர்சாஃப்ட் என்ற கம்பெனி, கணினித் திரையை அடுத்தடுத்துப் படம் பிடித்து வைக்கும் மென்பொருளை விற்றது. ஓடுவது தெரியாது, நிரல் பட்டியலில் பெயர் இருக்காது, ஐகான் கிடையாது. உரிமையாளர் மட்டும் ரகசிய விசைக் கூட்டை அழுத்திப் பார்க்கலாம். அடுத்து வந்த இ-பிளாஸ்டர் அந்தத் தொல்லையையும் ஒழித்தது. எடுத்ததை எல்லாம் மின்னஞ்சலில் அனுப்பிவிடும்.

இதை வாங்க மூன்று வகை ஆட்கள் வந்தார்கள். பிள்ளையை நினைத்துப் பயந்த பெற்றோர், பணியாளரை நம்பாத முதலாளி, துணையைச் சந்தேகித்த கணவன் மனைவியர். கம்பெனியும் விளம்பரத்தில் மூவரையும் ஒரே மூச்சில் அழைத்தது. உள்ளே ஓடும் நிரலுக்கு, தான் வேவு பார்ப்பது பத்து வயதுப் பிள்ளையா, கட்டிய மனைவியா, மாதச் சம்பளக்காரரா என்ற பேதம் தெரியாது. வாங்குபவர் சொல்லும் நியாயங்கள்தான் வேறுவேறு. ‘பையன் என்ன பண்றான்னு தெரிஞ்சுக்கோணுமுங்க’ என்று கோவைத் தகப்பன் சொல்வதும், ‘கம்பெனி ரகசியம் வெளியே போகக் கூடாது’ என்று மேனேஜர் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் அந்த மெய்யான கவலைகளுக்கு மருந்தாக விற்றது தூதரகத்தை வேவு பார்த்த வித்தையை.

வழக்குகள் வந்தன. 2005இல் ஃபுளோரிடா மேல்முறையீட்டு நீதிமன்றம், கணவனின் கணினியில் மனைவி ஒளித்து வைத்த ஸ்பெக்டர் பிடித்த உரையாடல்களை விவாகரத்து வழக்கில் ஏற்கக் கூடாது என்றது. தொலைபேசியை ஒட்டுக்கேட்பதற்குச் சமம் என்பது தீர்ப்பின் சாரம். 2008இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம், ரிமோட்ஸ்பை என்ற சரக்கை விற்ற கம்பெனி மேல் வழக்குப் போட்டது. கண்டுபிடிக்கவே முடியாது என்று விளம்பரம் செய்து, அதைப் புகைப்படம் போல் மின்னஞ்சலில் இணைத்து அனுப்பி ஏமாற்றி நிறுவுவது எப்படி என்று பாடமும் நடத்தியிருந்தார்கள். கணவன் மனைவிக்கு இப்படி மெல்ல மெல்லக் கதவு அடைபட்டது. 2020இல் கூகுள் தன் ஆப் கடை விதியை இறுக்கியபோது அது தெளிவாகவே தெரிந்தது. ஒருவரை இன்னொருவர் கண்காணிக்கும் ஆப்களில் இரண்டுக்கு மட்டுமே இடம்: பெற்றோர் பிள்ளையைப் பார்ப்பது, நிறுவனம் பணியாளரை மேலாண்மை செய்வது. வாழ்க்கைத் துணை சம்மதித்தாலும் அவரை வேவு பார்க்கும் ஆப் கூடாது. அனுமதித்த இரண்டும்கூட ஒளியக் கூடாது, ஓடுவதாகத் திரையில் அறிவிப்புக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்று கிராக்கியில் ஒன்று போக, எஞ்சியவர்கள் பிள்ளையும் பணியாளரும். இருவருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. எதிர்த்துக் கேட்டால் இழப்பு அவர்களுக்கு. ஒருவருக்குச் சோறு அந்த வீட்டில், இன்னொருவருக்குச் சம்பளம் அந்தக் கம்பெனியில்.

பிள்ளையும் பணியாளரும் ஒருவரே ஆனபோது

இதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் பதின்வயதுப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள். முடிவில் திருமணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்பது வாக்குறுதி. தங்குவது ஆலை விடுதியில். நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ, இந்தியக் குழு என்ற இரு அமைப்புகள் 2011இலும் 2014இலும் வெளியிட்ட ஆய்வறிக்கைகள் அந்த விடுதி வாழ்க்கையை விவரித்தன. கேட்டைத் தாண்டிப் போகக் கட்டுப்பாடு, செல்போன் வைத்துக்கொள்ளத் தடை, வீட்டாரோடு பேசுவதற்கும் வரம்பு. ‘உங்க பொண்ணை எங்க பொண்ணு மாதிரி பாத்துக்குறோம்’ என்ற பேச்சில்தான் அந்தக் கட்டுப்பாடு நுழைந்தது. முதலாளி தகப்பனாரின் அதிகாரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். கணினி இல்லாமலே கதையின் இரண்டு முனையும் இங்கே முட்டிக்கொண்டன.

கணினி வந்த வழி பிரவுசிங் சென்டர். காந்திபுரத்திலும் கல்லூரிச் சாலைகளிலும் தெருவுக்கு ஒன்று இருந்த நாட்களில், பிள்ளை அங்கே என்ன பார்க்கிறான் என்பது பெற்றோரின் பெருங்கவலை. மத்திய அரசு 2011 ஏப்ரலில் சைபர் கஃபே விதிகளைக் கொண்டுவந்தது. அடையாள அட்டை காட்டாதவருக்கு இடமில்லை. யார், எப்போது, எந்தக் கணினி என்று பதிவேடு. பார்த்த பக்கங்களின் பதிவை ஓராண்டு வைத்திருக்க வேண்டும். தடுப்புப் பலகை நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது. தடுப்பில்லாத கணினிகளின் திரை பொது இடத்தைப் பார்த்து இருக்க வேண்டும். சிறுவர் தடுப்புக்குள் உட்கார வேண்டுமானால் பெற்றோரோ காப்பாளரோ உடன் வர வேண்டும். கண்டிப்புத்தான், ஆனால் எதுவும் ஒளிவில்லை. பலகை எவ்வளவு உயரம் என்று உள்ளே நுழையும் பையனுக்கே தெரியும்.

அந்தப் பலகைகளுக்கு ஆயுள் கம்மி. அதே 2011 செப்டம்பரில் தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. 2016இல் ஜியோ வந்து டேட்டாவைத் தண்ணீர் விலைக்கு இறக்கியது. கடைத் தெருவில் இருந்த திரை, கதவைச் சாத்திக்கொள்ளும் அறைக்குள் போய்விட்டது. பெற்றோரின் கவலை நியாயமாகவே கூடியது. ஒளிந்து பார்க்கும் ஆப் தேடும் பழக்கமும் உடன் வந்தது.

பள்ளியே கொடுக்கும் கணினியில் என்ன நடக்கலாம் என்பதற்கு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து லோயர் மெரியன் பள்ளி மாவட்டம் சாட்சி. உயர்நிலைப் பள்ளி மாணவர் சுமார் 2,300 பேருக்கு லேப்டாப் கொடுத்தார்கள். திருட்டுப் போனால் கண்டுபிடிக்க, கேமராவைத் தொலைவிலிருந்து இயக்கும் வசதி அதில் இருந்தது. அப்படி ஒன்று இருப்பதை மாணவருக்கும் பெற்றோருக்கும் சொல்லவில்லை. 2009இல் ஒரு மாணவனைத் துணைத் தலைமையாசிரியர் கூப்பிட்டு, அவன் தன் அறையில் தப்பு செய்வதாகப் படத்தைக் காட்டினார். கையில் இருந்தது மிட்டாய் என்றான் பையன். என் அறைக்குள் படம் எப்படி வந்தது என்று குடும்பம் கேட்டபோது எல்லாம் வெளிவந்தது. கேமராப் படமும் திரைப் படமுமாக ஐம்பதாயிரத்துக்கு மேல் எடுத்திருந்தார்கள். 2010 அக்டோபரில் 6,10,000 டாலருக்குச் சமரசம் ஆனது. கருவியை வாங்கியது திருடனைப் பிடிக்க. அது படம் பிடித்தது பிள்ளைகளின் படுக்கையறையை.

ஒளிந்து சேர்த்தது ஒளிந்தே இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. பிள்ளையின் போனைப் பார்த்துக்கொள்ள விற்ற டீன்சேஃப் என்ற சேவையின் சர்வர் 2018இல் கடவுச்சொல்கூட இல்லாமல் திறந்து கிடந்தது. உள்ளே பெற்றோரின் மின்னஞ்சல் முகவரியும் பிள்ளைகளின் ஆப்பிள் கணக்குக் கடவுச்சொற்களும், மறைக்குறியீடு ஏதுமின்றி. முன்பின் தெரியாதவர் பார்த்துவிடக் கூடாதே என்று போட்ட ஏற்பாடு, அவர்கள் வந்து எடுத்துக்கொள்ளத் தோதாக ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருந்தது.

மாடியறை அலுவலகம்

வீட்டிலிருந்து வெளிநாட்டு வேலை பார்க்கும் ஃப்ரீலான்சர்களுக்கு இந்த டைம் ஆபீஸ் முன்பே பழக்கம். ஓடெஸ்க் என்று தொடங்கி அப்வொர்க் ஆன தளத்தில் மணிக் கணக்கு வேலை எடுத்தால், பத்து நிமிடத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தட்டிய விசைகளையும் எண்ணி வைக்கும் நாட்குறிப்பு ஒன்று ஓடும். அதை வேலை செய்பவரே பார்க்கலாம். வேண்டாத படத்தை நீக்கலாம், அந்தப் பத்து நிமிடக் கூலி போகும், அவ்வளவுதான். நாட்குறிப்பு சரியாக இருந்தால் காசு தராமல் ஏமாற்றும் ஆளிடமிருந்து அது காப்பாற்றும். இங்கும் பதிவு இரண்டு பக்கத்துக்கும்.

2020இல் கொரோனா வந்து மொத்த அலுவலகமும் வீட்டுக்குப் போனபோது நிறுவனங்கள் கண்காணிப்பு மென்பொருளைத் தேடி ஓடின. அதற்குச் சற்று முன்புதான், பிப்ரவரியில், லண்டனில் பார்க்ளேஸ் வங்கி ஊழியர்களின் கணினி நேரத்தை அளந்த ஒரு மென்பொருளை எதிர்ப்புக்குப் பிறகு கைவிட்டது. அது புனேயில் தோன்றிய சேப்பியன்ஸ் என்ற கம்பெனியின் சரக்கு. அதே ஆண்டு நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு ஊழியரின் கணினிப் பயன்பாட்டையும் பெயரோடு காட்டும் வசதியால் கண்டனத்துக்கு ஆளாகி, சில நாட்களில் பெயர்களை நீக்கியது.

ஒளிந்து பார்ப்பவனுக்கு ஒளிந்து பதில் சொல்பவன் பிறப்பது இயற்கை. மவுஸைத் தானே அசைத்துக்கொண்டிருக்கும் ஜிக்லர் என்ற சிறு கருவி சந்தைக்கு வந்தது. கல்லூரியில் நண்பனுக்குப் பிராக்ஸி கொடுத்ததன் தொடர்ச்சி. 2024இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகை ஓடுவது போல் நடித்ததாகச் சொல்லி பன்னிரண்டு பேருக்கு மேல் வேலையை விட்டு அனுப்பியது. 2025 நவம்பரில் நம் பக்கத்துக்கு நெருக்கமான செய்தி. கோவையில் பெரிய வளாகம் வைத்திருக்கும் காக்னிசன்ட், புரோஹான்ஸ் என்ற கருவியைச் சில திட்டங்களில் பயன்படுத்துவதாகவும், 5 நிமிடம் மவுஸும் விசையும் அசையாவிட்டால் சும்மா இருப்பதாகவும் 15 நிமிடம் ஆனால் இடத்தில் இல்லை என்றும் அது குறித்துக்கொள்வதாகவும் நாளிதழ்கள் எழுதின. வாடிக்கையாளர் கேட்கும் இடங்களில், ஊழியர் சம்மதத்தோடு, வேலை முறையைப் புரிந்துகொள்ள மட்டுமே, மதிப்பீட்டுக்கு அல்ல என்றது நிறுவனம். கையை விசையில் வைக்காமல் ஐந்து நிமிடம் யோசிக்கும் நிரலாளர் அந்தக் கணக்கில் என்ன ஆவார் என்ற கேள்வி எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும்.

அன்று சிமென்ட் ஆலை ஓடத் தொடங்கிய அதே மதுக்கரையில் இன்று மிக நுட்பமான கண்காணிப்பு நடப்பது யானைகளுக்கு. எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் இடையே காட்டுக்குள் போகும் இரண்டு ரயில் பாதைகளில் யானைகள் அடிபட்டு இறந்துகொண்டிருந்தன. 2024 பிப்ரவரியில் வனத்துறை அங்கே 12 கோபுரங்களும் 24 கேமராக்களும் கொண்ட செயற்கை நுண்ணறிவு ஏற்பாட்டைத் தொடங்கியது. பாதி வெப்பத்தை உணர்ந்து இரவில் பார்ப்பவை. யானை பாதையை நெருங்கினால் வனத்துறைக்கும் ரயில்வேக்கும் தகவல் போகும், ரயில் வேகம் குறையும். பார்க்கப்படுவது யானை, திருத்திக்கொள்வது ரயில். ‘இத்தனை முறை பாதையைக் கடந்தாய்’ என்று யானையிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. பிள்ளையின் கணினியிலும் பணியாளரின் கணினியிலும் ஓடும் மென்பொருள், பலமில்லாதவரைப் பார்த்து, திருந்தும் பொறுப்பையும் அவர் தலையிலேயே வைக்கிறது.

சட்டம் நிற்கும் இடம்

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 5 அன்று, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ருமேனியாவைச் சேர்ந்த ஒரு பொறியாளரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அலுவலக மெசஞ்சரில் சொந்தப் பேச்சுப் பேசினார் என்று 2007இல் அவரை வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள். கண்காணிக்கலாம், ஆனால் எந்த அளவுக்குப் பார்ப்போம் என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். பண்டியின் கடிகாரம் பிறந்த நியூயார்க் மாநிலத்தில் 2022 மே 7 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. ஊழியரின் மின்னஞ்சலையும் இணையப் பயன்பாட்டையும் பார்க்கும் முதலாளி, வேலைக்குச் சேர்க்கும்போதே எழுத்தில் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் அறிவிப்பும் ஒட்ட வேண்டும்.

இந்தியாவில் அப்படி இல்லை. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43ஆம் பிரிவில், உரிமையாளர் அனுமதியின்றி ஒரு கணினிக்குள் நுழைவதைத் தடுக்கிறது. கம்பெனி லேப்டாப்புக்கு உரிமையாளர் கம்பெனியேதான். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. நடைமுறைக்கு வரும்போது பிள்ளைகளுக்கு அது ஓரளவு அரண். 18 வயதுக்குட்பட்டவரின் தரவைப் பெற்றோரின் உறுதிசெய்த சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது, நிறுவனங்கள் அவர்களைப் பின்தொடரவும் நடத்தையைக் கண்காணிக்கவும் கூடாது. பள்ளிகளுக்குச் சில விலக்குகள் உண்டு. பெற்றோரே ஒளிந்து பார்ப்பதைச் சட்டம் தொடவில்லை. அது வீட்டாரின் மனசாட்சிக்கு விட்ட விஷயம்.

பணியாளருக்கு அந்த அரணும் இல்லை. 7ஆம் பிரிவு, வேலை தொடர்பான காரணங்களுக்காகவும் முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்காகவும் சம்மதம் கேட்காமலே தரவைப் பயன்படுத்தலாம் என்கிறது. ‘என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள், காட்டுங்கள்’ என்று கேட்கும் உரிமையை 11ஆம் பிரிவு தருகிறது. ஆனால் அது சம்மதத்தின் பேரில் எடுத்த தரவுக்கு. சம்மதமே கேட்காமல் எடுத்த வேலைத் தரவுக்கு அந்த உரிமை எட்டாது. மில் தொழிலாளி தன் கார்டைப் பார்த்தான். ஐ.டி. ஊழியர் தன் பதிவைப் பார்க்கச் சட்டம் வழி தரவில்லை.

திருத்தம் கேட்க வேண்டிய இடம் இதுதான். பார்க்கவே கூடாது என்று எந்தத் தொழிலாளியும் பிள்ளையும் ஜெயிக்கப் போவதில்லை, அப்படிக் கேட்பதில் முழு நியாயமும் இல்லை. வங்கித் தரவைக் கையாளும் அலுவலகத்துக்கும் பத்து வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கும் காவல் வேண்டும். ஆனால் என்ன பதிகிறார்கள், எதற்கு, எத்தனை நாள் வைப்பார்கள் என்று முதல் நாளே சொல்லட்டும். பதிந்ததை, பதியப்பட்டவரும் திறந்து பார்க்கட்டும். ஆறு மணி ஷிஃப்ட் முடிந்து ஒன்பது மணி வரை உட்கார்ந்ததும் அதில் இருக்குமே, அதற்கு ஓவர்டைம் கேட்கவும் அது உதவட்டும். வீட்டில் இது இன்னும் எளிது. ஆப் போடுவதற்கு முன், மகளை உட்கார வைத்து, இதைப் போடப் போகிறேன், இன்னின்னது எனக்குத் தெரியும், இத்தனை வயதில் எடுத்துவிடுவேன் என்று சொல்ல முடியாத தகப்பன், அதைப் போடாமல் இருப்பதே நல்லது.